கல் ஜாடிக்குப் பேர் வைத்த கதை

தோண்டின அன்றைக்கே குழியை மூடியிருக்க வேண்டும் என்று பிச்சையம்மாள் இன்றுவரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வது சரிதான். ஆனால் அவள் புருசன் சங்கிலிக்கு அது அன்றைக்குத் தோன்றவில்லை.

குச்சனூருக்குக் கிழக்கே வாய்க்காலை ஒட்டி அவனுக்கு ஒன்றேகால் ஏக்கர் வயல். சித்திரை மாசம், வயல் சும்மா வெடித்துக் கிடக்கிற நேரம். மூலையில் ஓர் எருக்குழி வெட்டலாம் என்று கடப்பாரையைப் போட்டான். ணங் என்றது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால் மூன்று கல் ஜாடி, இரண்டு வெண்கல ஜாடி. கல் ஜாடியில் ஒன்றுக்கு மட்டும் வெண்கலத்தில் மூடி.

அந்த நேரம் பார்த்து ராயப்பன்பட்டி இருதயம் டிராக்டரில் அந்தப் பக்கம் வந்தான். நல்ல மனுசன்தான். ஆனால் அவன் காதில் விழுந்த சேதியும் மாரியம்மன் கோயில் மைக்கில் விழுந்த சேதியும் ஒன்று. சாயங்காலத்துக்குள் உத்தமபாளையம் டீக்கடை வரைக்கும் ஜாடி போய்விட்டது. மறுநாள் பேப்பரில் வந்தது. அதற்கு மறுநாள் ஜீப் வந்தது.

வந்தது தொல்கலன் வகைப்பாட்டு அலுவலகம். அப்படி ஓர் அலுவலகம் இருப்பதே அதுவரைக்கும் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாமலே எல்லாரும் நன்றாகத்தான் இருந்தோம்.

அதிகாரி பேர் ராஜமணி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஜாடியைத் தொடுமுன் வெள்ளைக் கையுறை மாட்டுவார். தொட்ட பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுக் கையையும் கழுவுவார். முதல் வேலையாக வயலைச் சுற்றிக் கயிறு கட்டச் சொன்னார்.

"வகைப்பாடு முடியும்வரை யாரும் உள்ளே வரக்கூடாது."

"நான் வயலுக்காரன் சார்" என்றான் சங்கிலி.

"அதனால்தான் முக்கியமாக உங்களிடம் சொல்கிறேன்."

"எப்ப சார் முடியும்?"

"அது ஜாடியைப் பொறுத்தது."

"ஆனி மாசம் அணையில தண்ணி தெறப்பாக சார். அதுக்குள்ள உழுது போடணும். தண்ணி வந்ததும் நட்டாகணும்."

"தண்ணீர் வேறு துறை" என்றார் ராஜமணி.

சங்கிலிக்கு இந்தப் போகத்தை விட முடியாது. போன வருசம் இரண்டு போகமும் பூச்சி தின்றுவிட்டது. இந்தப் போகமும் நடவில்லை என்றால் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, தன் வயலிலேயே அடுத்தவன் கூலிக்கு நிற்க வேண்டும். அதைவிட நாண்டுகொண்டு சாகலாம். இருதயம்தான், வாயால் செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, தன் தோட்டத்து ஓரத்தில் நாற்றங்கால் போட இடம் கொடுத்தான். பிச்சையம்மாள் அங்கே விதை பாவினாள். நாற்று அதுபாட்டுக்கு வளர்ந்தது. வயல்தான் கயிற்றுக்குள் கிடந்தது.

ராஜமணி ஜாடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அளந்தார். போட்டோ பிடித்தார். ஊர்க்காரர்கள் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அவர்களுக்கு அவரே ஒரு பிரசங்கம் செய்தார்.

"எங்கள் கையேட்டில் பத்தொன்பது வகை இருக்கிறது. பூமியில் எங்கே எந்தக் கலன் கிடைத்தாலும் இந்தப் பத்தொன்பதில் ஒன்றில் விழுந்தாக வேண்டும். விழாவிட்டால் குற்றம் கலனுடையது. இந்த ஜாடிகளை நான் ஈமக்கலன் என்று முடிவு செய்கிறேன்."

"ஈமக்கலன்னா என்ன சார்?" என்றான் சங்கிலி.

"செத்தவர்களோடு புதைப்பது."

"உள்ள எலும்பு கிலும்பு ஒன்னும் இல்லையே சார்?"

"எலும்பு இருந்தால்தான் ஈமக்கலன் என்று எந்த விதியும் இல்லை. ஆபீசில் ஈமக்கலன் அலமாரியில்தான் இப்போது இடம் காலி."

சரி, அலமாரிக்குப் போனால் போகட்டும், வயல் திரும்பி வந்தால் சரி என்று சங்கிலி மனசைத் தேற்றிக்கொண்டான். மறுநாள் காலையில் கிராம நிர்வாக அலுவலர் வேலுச்சாமி பைக்கை வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"ஏலே சங்கிலி, ஒன் வயலு இப்ப சுடுகாடுலே."

"என்னய்யா சொல்றீக?"

"நான் சொல்லல. மேல இருந்து சொல்லிட்டாக. ஈமக்கலன் இருந்தா அது ஈமக்காடு. ஈமக்காடுன்னா மயானம். மயானத்துல நெல்லு நட்டா கேசு."

"அது எந்தக் காலத்துப் பொணமோ!"

"பொணத்துல பழசு என்ன, புதுசு என்ன? ஒனக்கு வேற எடத்துல நெலம் இருக்கா?"

"இல்லய்யா."

"ரொம்ப நல்லது. அப்ப கொழப்பமே இல்ல" என்று சொல்லிவிட்டு வேலுச்சாமி ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே மேலத்தெருவில் ஒரு பெரியவர் செத்துப்போனார். கொட்டும் வேட்டுமாகப் பாடை நேராகச் சங்கிலி வயலுக்கு வந்தது. முன்னால் சங்கு ஊதிக்கொண்டு வந்தவர் சங்கிலிக்குத் தூரத்து மாமன்.

"மாமா, இங்கன எங்க வாறீக?"

"மாப்ளே, பழைய காட்டுக்குப் போற பாலம் இடிஞ்சு கெடக்கு. ஒன் காடு ரோட்டு மேலயே இருக்கு. ஊருக்கே வசதி."

"இது காடு இல்ல மாமா, வயலு!"

"வேலுச்சாமி சொன்னாரே? பெரியவரு ஒன் மேல எம்புட்டுப் பிரியமா இருந்தாரு, நெனச்சுப் பாரு."

"பிரியமாத்தான் இருந்தாரு. அதுக்காக என் வயல்ல வந்து எரியணுமா?"

"ஒரு மூலையில எரிச்சுக்கிறோமப்பா. சாம்பல் பயிருக்கு நல்லதுதான."

சங்கிலிக்கு வேறு வழி தெரியவில்லை. துண்டை உதறிப் போட்டுவிட்டுப் பாடைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துவிட்டான். பாடையில் ஒருத்தர், பாதையில் ஒருத்தன், இரண்டு பேரும் அசையாமல் கிடக்க, யாருக்கு அடிப்பது என்று தெரியாமல் கொட்டுக்காரர் கொட்டை நிறுத்திவிட்டார். கடைசியில் பாடை சுற்றுவழியில் போனது. போகிறபோது செத்தவரைத் தவிர எல்லாரும் சங்கிலியைத் திட்டிவிட்டுப் போனார்கள்.

மண்ணைத் தட்டிக்கொண்டு நேராக ராஜமணியிடம் போனான்.

"சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்தப் பேர மட்டும் மாத்துங்க."

ராஜமணிக்குக் கோபம் வரவில்லை. சந்தோசமாகவே இருந்தார். "மாற்றலாமே. விஞ்ஞானம் என்றால் மாறிக்கொண்டே இருப்பதுதான். பூசைக்கலன் அலமாரியில் இருந்த ஒரு குடத்தை நேற்றுத்தான் டெல்லிக் கண்காட்சிக்கு அனுப்பினோம். அங்கே வைத்துவிடலாம்."

ஜாடி பூசைக்கலன் ஆனது. மறுநாளே ஒரு வேன் வந்தது. கோயில் சொத்து மீட்பு அலுவலகமாம். வேனிலிருந்து ஓர் அதிகாரி நெற்றி நிறைய விபூதியோடு இறங்கினார். பின்னாலேயே ஒரு போர்டு இறங்கியது. அதற்குப் பின்னால், நாலு பேர் தோளில், ஓர் உண்டியல் இறங்கியது.

"இந்த நிலம் திருக்கோயிலுக்குச் சொந்தம்" என்றார் அதிகாரி.

"எந்தக் கோயிலுக்கு சார்?"

"அதை இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும். பூசைக்கலன் இருந்தால் பூசை நடந்திருக்கும். பூசை நடந்தால் சாமி இருந்திருக்கும். சாமி இருந்தால் கோயில். கோயில் என்றால் நிலம். நிலம் இதோ கிடைத்துவிட்டது. மற்றதெல்லாம் மெதுவாகக் கிடைக்கும்."

சாமி வருமுன் உண்டியல் வந்துவிட்டது. சனிக்கிழமை குச்சனூர்க் கோயிலுக்கு வந்த பஸ்ஸெல்லாம் போர்டைப் பார்த்துவிட்டு நின்றன. கயிற்றைச் சுற்றி எள் விளக்கு எரிந்தது. காக்காய்க்கு வைத்த சோறு வயலெல்லாம் இறைந்தது. கேரளாவிலிருந்து வந்த ஒருத்தர் சங்கிலியிடம் பயபக்தியோடு கேட்டார்.

"சேட்டா, இவிட ஏது தெய்வமாணு?"

"தெய்வம் எங்க இருக்கு? ஜாடி."

"ஜாடி சுவாமி!" என்று அவர் குடும்பத்தோடு விழுந்து கும்பிட்டார்.

சங்கிலி வரப்பில் செருப்புக் காலோடு நின்றதற்காக அந்த அதிகாரி அவனைக் கண்டித்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தன் வயலை வெளியே இருந்து பார்த்தான் சங்கிலி.

இருதயத்துக்குப் பொறுக்கவில்லை. "ஏப்பா சங்கிலி, நீ கேக்குறதே தப்பு. நல்ல பேரா வச்சா எல்லாவனும் வருவான். கெட்ட பேரா வைக்கச் சொல்லு. சாராய ஜாடின்னு சொல்லு. பொணமும் வராது, சாமியும் வராது."

"நீ சொல்லி எதுய்யா உருப்பட்டிருக்கு?"

"இந்த ஒரு தடவ கேளு."

கேட்டான். ராஜமணி ஜாடிக்குள் மூக்கை விட்டு இழுத்தார். கண்ணை மூடி ஒரு நிமிசம் யோசித்தார். "இருக்கிறது. லேசாக இருக்கிறது" என்றார். ஜாடி மதுக்கலன் ஆனது.

சாயங்காலம் போலீஸ் வந்தது.

"காய்ச்சினது யாரு?" என்றார் எஸ்.ஐ.

"தெரியாது சார். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின ஆளாம்."

"அப்ப தலைமறைவு." எழுதிக்கொண்டார். "நெலம் யார் பேர்ல?"

"என் பேர்ல சார்."

"அப்ப நீதான். வாரா வாரம் ஸ்டேசன்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"எனக்குக் கைநாட்டுதான் சார்."

"அப்ப மை நீயே வாங்கிட்டு வந்துரு."

இதில் இன்னொரு கூத்து. புதுப் பேர் வந்ததும் பழைய பேர் போகும் என்றுதானே நாம் நினைப்போம்? போகாது. ஒரு பேரை வைக்க ராஜமணி போதும். எடுக்க மேலிடம் வேண்டும். அதனால் சங்கிலியின் ஒன்றேகால் ஏக்கர் ஒரே நேரத்தில் சுடுகாடாகவும் கோயிலாகவும் சாராயக் கிடங்காகவும் இருந்தது. மற்ற ஊரில் இந்த மூன்றுக்கும் தனித்தனியாக இடம் வைத்திருப்பார்கள்.

ஆனி பிறந்தது. அணையைத் திறந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து, சங்கிலி வயல் மடையில் ஒரு முட்டு முட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வயலுக்குப் போனது. சுற்றிலும் உழவு, குலவைச் சத்தம், நடவு. நாற்றங்காலில் நாற்று முற்றிக் கணு விட ஆரம்பித்துவிட்டது. இன்னும் சில நாள் போனால் மாட்டுக்குத்தான் அறுத்துப் போட வேண்டும்.

சங்கிலி சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தான். எண்ணெய் ஜாடி என்றால் ஒருத்தன் வருவான். தண்ணி ஜாடி என்றால் பொதுப்பணி. மருந்து ஜாடி என்றால் சுகாதாரம். தானியம் என்றால் உணவு. பால் என்றால் கூட்டுறவு.

"ஒலகத்துல தொற இல்லாத பொருள்னு ஒன்னுகூடவா இல்ல?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டான்.

வெற்றிலை மென்றுகொண்டிருந்த பிச்சையம்மாள் வாசலுக்குப் போய்ப் புளிச்சென்று துப்பிவிட்டு வந்தாள். "இதுக்கு எந்தத் தொறய்யா இருக்கு?" என்றாள்.

சங்கிலி பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை அவன் அப்படிப் பார்த்ததில்லை.

மூன்று துறையும் ஒரு ஜாடிக்கு அடித்துக்கொண்டதால் மேலிடத்திலிருந்து உயர்மட்டக் குழு வந்தது. வயலிலேயே பந்தல், நாற்காலி, குத்துவிளக்கு. குழுத் தலைவர் வயசானவர், சரியாகக் காது கேட்காது. அதனால்தான் தலைவராக்கினார்கள் என்று இருதயம் சொன்னான். விபூதி அதிகாரி வெண்கல ஜாடியைக் கழுவி, துளசித் தீர்த்தம் நிரப்பி எல்லாருக்கும் கொடுத்தார். தலைவர், ராஜமணி, வேலுச்சாமி, எஸ்.ஐ. எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தார்கள். வேலுச்சாமி இரண்டு தரம் வாங்கிக் குடித்தார்.

பிறகு சண்டை தொடங்கியது. குழுவில் கல் பிரிவு நிபுணர் ஒருத்தர், உலோகப் பிரிவு நிபுணர் ஒருத்தர். மூடி போட்ட கல் ஜாடி யாருக்கு என்று இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள்.

"ஜாடி கல். ஆகவே ஜாடி எங்கள் பிரிவு" என்றார் முதலாமவர்.

"மூடி வெண்கலம். மூடியில்லாமல் ஜாடி இல்லை. ஆகவே ஜாடி எங்களுடையது."

"மூடியை நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள்."

"மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு போய் நான் எதை மூடுவது?"

"உங்கள் வாயை."

தலைவர் இரண்டு பேருக்கும் தலையாட்டினார். நிலைமை கைமீறுவதைப் பார்த்து ராஜமணி கையேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"மன்னிக்க வேண்டும். நம்முடைய சொந்த அபிப்பிராயத்துக்கு இங்கே இடமில்லை. இருபத்தெட்டு வருச சர்வீசில் எனக்கென்று ஓர் அபிப்பிராயம் இருந்ததே இல்லை, அதனால்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறேன். கையேட்டின் முதல் விதி என்ன சொல்கிறது? ஒரு கலனின் பயன்பாட்டை அதிகாரிகள் நேரில் கண்டால் அதுவே இறுதிச் சான்று. அதற்கு மேல் ஆராய்ச்சி கூடாது. இன்று நாம் எல்லாரும் இதில் தீர்த்தம் குடித்தோம். ஆகவே..."

விபூதி அதிகாரி கைதட்டத் தயாரானார். வயல் கோயிலுக்குப் போகப்போகிறது என்று சங்கிலிக்குத் தெரிந்துவிட்டது. கயிற்றுக்கு வெளியிலிருந்து கத்தினான்.

"சார்! நான் ஒரு வார்த்த சொல்லலாமா?"

"நில உடைமையாளர் கருத்து" என்றார் ராஜமணி சலிப்போடு. "சுருக்கமாக."

சங்கிலி கயிற்றைத் தூக்கி உள்ளே வந்தான். கன்னம் புடைத்திருந்தது. வெற்றிலையை ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசினான். "அது ஒன்னுமில்ல சார். எச்சிப் படிக்கம்."

"என்ன?"

"எச்சி துப்புற படிக்கம். பெரிய வீட்டு ஆளுக வெத்தல போட்டுத் துப்புறது."

"ஆதாரம்?" என்று நாலு பேர் ஒரே குரலில் கேட்டார்கள்.

சங்கிலி இரண்டடி பின்னால் போனான். இரண்டு விரலை உதட்டில் வைத்தான். புளிச். செக்கச் செவேலென்று ஒரே பாய்ச்சலாகப் போய் வெண்கல ஜாடிக்குள் விழுந்தது. வாயோரத்தில்கூட ஒரு சொட்டுப் படவில்லை.

பிறகு வேலுச்சாமி வாயைப் பொத்திக்கொண்டு வரப்போரமாக ஓடினார். அந்தப் பக்கமிருந்து வந்த சத்தத்தை எழுத வேண்டியதில்லை.

"அதிகாரிகள் நேர்ல பாத்துட்டீகல்ல சார்?" என்றான் சங்கிலி.

ராஜமணி கையேட்டின் முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தார். விதி விதிதான். அவர் எல்லார் முகத்தையும் பார்த்தார். முதலில் எழுந்தவர் விபூதி அதிகாரி. மேல்துண்டால் நாக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்கள் அலுவலகத்துக்கும் இந்தக் கலனுக்கும் எந்தக் காலத்திலும் தொடர்பு இருந்ததில்லை. குறித்துக்கொள்ளுங்கள். நான் தீர்த்தத்தைத் தலையில்தான் தெளித்துக்கொண்டேன்."

"நான் குடிக்கிற மாதிரி பாவனைதான் செஞ்சேன்" என்றார் எஸ்.ஐ. "மது சம்பந்தப்பட்ட பொருளா இருந்தா நான் டூட்டியில குடிப்பேனா? ஆகவே இது மது சம்பந்தப்பட்டதில்ல."

வரப்போரத்திலிருந்து வேலுச்சாமியின் குரல் வந்தது. "சுடுகாடும் இல்ல... யாரும் செத்தவகளோட படிக்கத்த வச்சுப் பொதைக்க மாட்டாக..."

கல் பிரிவும் உலோகப் பிரிவும் முதல் தரமாக ஒருத்தரையொருத்தர் பார்த்து, "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள்.

தலைவர், "தீர்த்தம் நன்றாக இருந்தது" என்றார். அவருக்கு யாரும் எதையும் விளக்கவில்லை.

ராஜமணி பக்கங்களைப் புரட்டினார். பத்தொன்பது வகையில் படிக்கம் இல்லை. மறுபடி புரட்டினார். இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்: "வகையில்லாத கலன், கலன் அல்ல. கலன் இல்லாத இடத்தில் கண்டுபிடிப்பு இல்லை. ஆகவே இங்கே எதுவும் கிடைக்கவில்லை. நாமும் இங்கே வரவில்லை."

வராதவர்கள் எல்லாரும் ஜீப்பிலும் வேனிலும் ஏறிப் போனார்கள். போகிறபோது உண்டியலை மட்டும் மறக்காமல் தூக்கிக்கொண்டார்கள். கிடைக்காத ஜாடி ஐந்தும் வரப்பில் கிடந்தன. சங்கிலி உடனே மடையைத் திறந்துவிட்டான்; அன்று மத்தியானமே இருதயத்தின் டிராக்டர் வயலில் இறங்கியது. பந்தல் குழியைக்கூட மூடாமல் அப்படியே சேற்றோடு உழுதான்.

நடவு நடக்கிற அன்றைக்கு ராஜமணி தனியாக வந்தார். ஜீப் இல்லை, டவுன் பஸ். கையுறையும் இல்லை. வரப்பில் நின்று பெண்கள் குனிந்து நடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சங்கிலி, ஒன்று கேட்கிறேன். ஆபீசுக்காக இல்லை, எனக்காக. உண்மையில் அது என்ன ஜாடி?"

சங்கிலி அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு, நாற்றெல்லாம் பாதிக்கு மேல் மண்ணில் இறங்கிவிட்டது என்கிற தைரியத்தில் சொன்னான்.

"நெல்லு ஜாடி சார்."

"எப்படிச் சொல்கிறாய்?"

"உள்ள நெல்லு இருந்துச்சே. கருகிப்போயி, கரிக்கட்டையாட்டம். மூடி போட்ட ஜாடியில விளிம்பு வரைக்கும் இருந்துச்சு. தூக்கத் தோதில்லன்னு அன்னைக்கே கொட்டி, வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி கோழிக்குப் போட்டேன். கோழி கொத்திப் பாத்துட்டுப் போயிருச்சு."

ராஜமணி கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டினார். "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?"

"நீங்க யாரும் உள்ள என்ன இருந்துச்சுன்னு கேக்கலையே சார். ஜாடியத்தான கேட்டீக."

ராஜமணி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தார். நடுகிற பெண்கள் தூரத்தில் இருந்தார்கள். மெல்லிய குரலில் சொன்னார்:

"இதை வேறு யாரிடமும் சொல்லிவிடாதே. தெரிந்தால் மறுபடியும் தோண்டச் சொல்வார்கள்."

அதிகாரி ஒருத்தர் சொன்ன சொல்லைச் சங்கிலி முழுசாக நம்பியது அன்றைக்குத்தான். நாற்றுக்கட்டிலிருந்து ஒரு முடியை உருவி அவர் கையில் கொடுத்து, "சும்மா உக்காராம அந்த மூலையில நடுங்க சார்" என்றான். ராஜமணி பேண்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு சேற்றில் இறங்கினார்.